மருந்துக்கடைக்குப் போன சொல்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் சிநேகிதி நெர்மின் ஓர் ஆங்கிலச் சொல்லை மருந்துக்கடைக்குக் கொண்டுபோனாள். அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு இன்னும் விடவில்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், இவ்வளவு காலம் கனடாவில் இருந்தவளுக்கு ஒரு சொல்லைக் கண்டு என்ன பயம் என்று சிரிக்கக்கூடும். சிரியுங்கள். நானும் முன்பு அப்படித்தான் சிரித்திருப்பேன்.

நான் மன்னார்ப் பக்கத்துக்காரி, பெயர் ஜெசிந்தா. ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில் டோர்செட் பார்க் அடுக்குமாடி ஒன்றில் நானும் என் மனுசன் அருளும் இருக்கிறோம். வந்த காலம் முதல் பாண் பொதி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் எங்கள் ஆட்கள். மேற்பார்வைக்கு நின்றவர்கூட இளவாலைக்காரர். யெஸ், நோ, ஓவர்ரைம் என்ற மூன்று சொல்லோடு என் ஆங்கிலம் அங்கே சுகமாகச் சீவித்தது.

பிறகு தொழிற்சாலையை வேறு நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. கனடாவில் இருந்துகொண்டே கனடாவுக்கு நான் இன்னும் வந்து சேரவில்லை. பாங்கிலிருந்து அழைப்பு வந்தால், எண்களை அழுத்தச் சொல்லும் அந்தக் குரலுக்குப் பயந்து போனை வைத்துவிடுவேன். மகள் ஷாரன் கலியாணம் முடித்துப் பிறம்ரனில் இருக்கிறாள். “அம்மா, சாப்பிட்டீங்களோ?” என்பது வரைக்கும் தமிழ். அதற்குப் பிறகு அவள் ஆங்கிலத்தில் ஏறி ஓடுவாள், நான் பாதி வழியில் இறங்கிவிடுவேன். அவளும் திரும்பிப் பார்த்து நிற்பதில்லை. வேலை, வீடு, நெருக்கடி. குறை சொல்லவில்லை, ஆனால் மனசு நோகாமல் இல்லை.

எங்கள் பக்கத்து நூலகத்தில் ஆங்கிலம் பேசிப் பழகுகிற வட்டம் ஒன்று நடக்கிறது. டயான் என்கிற, ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பெண்மணி நடத்துகிறார். கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை. அங்கே போன முதல் நாள் எனக்குப் பக்கத்தில் இருந்தவள்தான் நெர்மின்.

2

நெர்மின் துருக்கிக்காரி. கருங்கடல் கரையில் சாம்சுன் என்ற ஊர். அங்கே பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வேலை செய்தவள். புருஷன் செத்த பிறகு ஒரே மகன் எம்ரே இங்கே கூப்பிட்டு எடுத்துவிட்டான். என்னைவிடக் கொஞ்சம் இளையவள் என்பதால் என்னை ‘ஜெஸி அப்லா’ என்பாள். அவர்கள் மொழியில் அப்லா என்றால் அக்கா. எம்ரே தாயைக் கூப்பிடுவதைக் கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். ‘அன்னே’ என்பான். நம்முடைய அன்னை எப்போது அங்கே குடிபோனாளோ தெரியாது.

“ஐ யெஸ்ரடே மார்க்கெற் வென்ற்” என்பாள் நெர்மின். டயான் பொறுமையாகத் திருத்துவார். எனக்கோ அதில் ஒரு பிழையும் தெரியாது. நான் நேற்றுச் சந்தைக்குப் போனேன். எல்லாம் சரிதானே? துருக்கி மொழியிலும் வினை கடைசியில்தான் வருமாம். ஆகவே டயானுக்கு விளங்காத நெர்மினின் ஆங்கிலம் எனக்குத் தெளிவாக விளங்கும், என்னுடையது அவளுக்கு விளங்கும். ‘ஸ்ரோர்’ என்று சொல்வதற்கு முன் நாங்கள் இருவருமே ஓர் ‘இ’யைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவோம். இந்தக் குறிப்பில் அவள் எங்கள் பேச்சுத் தமிழ் பேசுவதுபோல் நான் எழுதியிருந்தால் காரணம் இதுதான். சொல்லை மாற்றினால் போதும், வரிசை ஏற்கனவே நம்முடையது.

சொற்களைப் படிப்பதற்கு நெர்மினிடம் ஒரு முறை இருந்தது. கொப்பியில் எழுத மாட்டாள். ஒரு புதுச் சொல் கிடைத்தால் அதை அன்றைக்கே வெளியில் கொண்டுபோய் ஒரு மனிதரிடம் சொல்லிவிட வேண்டும்.

“வீட்டுக்குள்ள வச்சிருந்தா பழுதாப் போகும், அப்லா. கொண்டுபோய்ச் சொல்லு. சொல்லிப்போட்டு அவையின்ர முகத்தைப் பார். அகராதி அங்கதான் இருக்கு.”

‘றிஃபண்ட்’ என்ற சொல்லைப் படித்த கிழமை தேவையே இல்லாத ஒரு கேத்தலை வாங்கி, அடுத்த நாள் திருப்பிக் கொடுத்தாள். நானும் கூடப்போனேன். வெட்கத்தில் செத்துப்பிழைத்தேன். ‘கொம்ப்ளெயின்’ படித்தபோது அவளுடைய கட்டட மேற்பார்வையாளரிடம் போய் லிஃப்ற் நாறுகிறது என்று கொம்ப்ளெயின் செய்தாள். அடுத்த நாள் லிஃப்ற் கழுவியிருந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலமா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. அந்தக் கிழமை முழுக்கக் கண்டதற்கெல்லாம் கொம்ப்ளெயின் செய்து திரிந்தாள்.

அவளோடு திரிந்துதான் எனக்கும் கொஞ்சம் வாய் திறந்தது.

3

ஆனால் நாங்கள் இருவரும் தொடாத சொற்கள் இருந்தன.

ஒருநாள் டயான் உடம்பும் வருத்தமும் என்று படம் போட்ட அட்டைகளை மேசையில் பரப்பினார். காய்ச்சல், இருமல், வயிற்றுவலி எல்லாம் உற்சாகமாகச் சொன்னோம். பிறகு ஒரு சவப்பெட்டி வந்தது. அதற்குப் பிறகு வாய் கோணிய ஒரு மனிதன், தலைமயிர் உதிர்ந்த ஒரு பெண். நெர்மின் தன் காது மடலை இழுத்து, உதட்டால் முத்தம்போல் ஒரு சத்தம் செய்து, மேசையை விரலால் தட்டினாள். நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த அட்டைகளைக் கவிழ்த்து டயான் பக்கம் தள்ளிவிட்டோம்.

“இவை வெறும் சொற்கள்தானே?” என்றார் டயான்.

வெறும் சொற்களாம். மற்றவர்கள் அந்த அட்டைகளை வாங்கிச் சத்தமாகப் படித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூடாத சொல்லை வாயால் அழைத்தால் அது வீடு தேடி வரும் என்ற எண்ணம் சாம்சுனிலும் உண்டு, மன்னாரிலும் உண்டு. அதற்காக அவளை எனக்கு இன்னும் பிடித்தது. ஆங்கிலத்தில் நோய் என்ற பகுதி மட்டும் எங்கள் இருவருக்கும் வெறுமையாகவே கிடந்தது.

4

கடந்த இலையுதிர் காலத்திலிருந்து நெர்மினுக்கு வலது விலாவுக்குக் கீழே நோ. சாப்பாடு குறைந்தது. குடும்ப வைத்தியர் படம் எடுக்க அனுப்பினார், பிறகு இன்னொரு படம், பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் எம்ரேதான் கூட்டிக்கொண்டு போனான். பிறம்ரன் பக்கம் ஒரு பெரிய வெயர்ஹவுஸில் மேற்பார்வை வேலை அவனுக்கு. நல்ல பிள்ளை. தாய்க்கும் டொக்டருக்கும் நடுவில் அவனே மொழிபெயர்ப்பாளன்.

போன மாதம் ஒரு புது டொக்டரிடம் போய்வந்த அடுத்த நாள், நெர்மின் நூலகத்துக்கு வெளியே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்லா, டொக்டர் கனநேரம் கதைச்சவ. எம்ரே எனக்குச் சொன்னது கொஞ்சம். கல்லீரலில கொழுப்பாம். மருந்து தருவினமாம். நல்லாச் சாப்பிடட்டாம். அவ்வளவுதான். மிச்சக் கதை எங்க போனது?”

“டொக்டர்மார் சுத்தி வளைச்சுத்தான் கதைப்பினம்” என்றேன்.

“அவ ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னவ. நான் பிடிச்சு வச்சிருந்தனான். பாலியேட்டிவ்.”

எனக்கு அந்தச் சொல் தெரியாது. கேட்டதே இல்லை.

“இண்டைக்குக் காலமை அதை மருந்துக்கடைக்குக் கொண்டுபோனன்” என்றாள்.

மருந்துக்கடையில் ஓர் இளம்பெண் நின்றாளாம். நெர்மின் போய், புதுச் சொல் படித்த நாட்களில் செய்கிற மாதிரியே சிரித்துக்கொண்டு, “பாலியேட்டிவ், ப்ளீஸ்” என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் யாருக்கு என்று கேட்டாளாம். “மீ” என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள் நெர்மின்.

“அந்தப் பிள்ளையின்ர முகம் வெளிறிப்போச்சு, அப்லா. அவள் கவுண்டரைச் சுத்தி வெளியில வந்து என்ர கையைப் பிடிச்சவள். நீ சொல்லு. இந்த ஊரில ஆர் கவுண்டரை விட்டு வெளியில வந்து கை பிடிக்கினம்?”

அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. சொல்லின் பொருள் தெரிவதற்கு முன்பே பிடித்துவிட்டது. 

நெர்மினுக்கு ஹதிஜே என்று ஓர் அக்கா இருக்கிறாள், சாம்சுனில். தாய் இல்லாத வீட்டில் நெர்மினை வளர்த்தவள். இப்போது வயது போய், விமானம் ஏறக்கூடிய உடம்பு இல்லை. ஒவ்வொரு நாளும் போனில் முகம் பார்த்துக் கதைப்பார்கள். இந்தக் குளிர்காலத்திலேயே போய் அக்காவோடு இருந்துவிட்டு வரவேண்டும் என்பது நெர்மினின் ஆசை. எம்ரேயோ, முதலில் உடம்பு தேறட்டும், கோடையில் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தான்.

“கோடை வரைக்கும் காத்து நிக்கலாமா, இப்ப போகவேணுமா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாக் காணும்” என்றாள். “எம்ரேயைக் கேக்க மாட்டன், அவன் அழுவான். டயானைக் கேட்டா, புத்தகத்தில இருக்கிறதைச் சொல்லுவா. அடுத்த கிழமை டொக்டரிட்டப் போகேக்க நீ என்னோட வா. அவ சொல்லுறதை எங்கட இங்கிலீசில எனக்குச் சொல்லு.”

வாறன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது வேறு என்ன சொல்வது?

5

அன்று பின்னேரம் ஷாரனுக்கு என் குரலைப் பதிவுசெய்து அனுப்பினேன். ‘பாலியேட்டிவ் எண்டா என்ன மகள்?’ அவ்வளவுதான். வழக்கமாக என் குரலுக்கு அவளிடமிருந்து ஒரு பெருவிரல் படம் வரும், அதுவும் அடுத்த நாள். அன்றைக்கு உடனே போன் அடித்தது.

“அம்மா, ஹூ இஸ் இற்? ஆருக்கு? உங்களுக்கா? அப்பாக்கா? ரெல் மீ ரைற் நவ்!”

“எனக்கில்லையடி. நெர்மினுக்கு.”

அந்தப் பக்கம் ஷாரன் மூக்கை உறிஞ்சினாள். அவள் எனக்காகப் பயந்த குரலைக் கேட்டுக் கன காலம். அந்த வேளையிலும் எனக்கு அது சந்தோசமாக இருந்ததை மறைக்கப்போவதில்லை.

“அம்மா, அது… சுகப்படுத்த ஏலாத வருத்தம் எண்டா… லைக், நோகாமப் பாத்துக்கொள்ளுவினம். கடைசி வரைக்கும்.” ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் அவள் தேடி எடுத்துத்தான் சொன்னாள். “அவவுக்குச் சொல்லப்போறீங்களோ?”

“நான் ஏன் சொல்ல? மகன் இருக்கிறான்.”

“ஷீ ஹாஸ் அ றைற் ரு நோ, அம்மா. அவவின்ர உடம்பு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உரிமையாம். இந்த நாட்டில் சாவையும் ஆளின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இன்றைக்குப் பனி கொட்டும் என்று ரீவியில் சொல்கிற அதே முகத்தோடு, உனக்கு இவ்வளவு காலம்தான் என்று சொல்கிறார்களாம். அதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனுசி எப்படி வீட்டுக்கு நடந்து வருவாள், எப்படித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாள்? நான் அப்படிப்பட்டவர்களிடம் வளரவில்லை.

அருளிடம் சொன்னேன். “நீர் போகாதேயும், ஜெசி. உமக்கேன் அந்தப் பாவம்?” என்றார். அவருக்கும் பயம்.

6

எங்கள் பெரியக்காவுக்கு அந்தத் தலைமயிர் உதிர்க்கிற வருத்தம் வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அப்போது அதற்கு வைத்தியம் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில்தான். அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே என்ன வருத்தம் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். ஆகவே எங்கள் வீட்டில் எவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கொழும்பு என்றார்கள். அல்சர் என்றார்கள். எங்களைப் பெற்ற ஐயா அவவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறும்போது, பஸ்ஸின் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயரை அவ பார்த்துவிடாதபடி முன்னால் நின்று மறைத்துக் கதை கொடுத்தாராம். பெரியக்கா ரீச்சர். சிங்களமும் தமிழும் இங்கிலீசும் வாசிக்கத் தெரிந்தவ. ஐயா எதைத்தான் மறைத்தாரோ!

அவ ஒருநாளும் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அதை அன்பு என்றுதான் வைத்திருந்தோம். இன்றைக்கும் என்னால் அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது. ஐயா கிணற்றடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் கண்டிருக்கிறேன்.

அந்த வருடம் பெரியக்கா, மடு மாதா கோயில் ஆடித் திருவிழாவுக்குப் போகவேண்டும் என்றா. சீலையும் எடுத்து வெளியே வைத்துவிட்டா. “சுகமானாப் பிறகு போவம் பிள்ளை, ஆவணித் திருவிழா இருக்குத்தானே” என்றார் ஐயா. அவ ஓம் என்று சொல்லி, சீலையை மடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தா. ஆவணி வந்தபோது அவ இல்லை.

இத்தனை வருடமாக எனக்கு நினைவில் நின்றது ஐயாவின் அழுகைதான். நெர்மின் கோடை என்று சொன்ன பிறகு, அந்தச் சீலை வந்து கண் முன்னால் நின்றது. 

7

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, நோயாளியின் மொழி ஆங்கிலம் என்றுதான் பதிவில் இருக்கிறது, அதனால் துருக்கி மொழிபெயர்ப்பாளருக்கு ஒழுங்கு செய்யவில்லை என்றார். வேண்டுமென்றால் போனில் ஒருவரை எடுக்கலாம் என்றார். “தேவையில்லை, நான் இருக்கிறன்” என்றான் எம்ரே. அந்த மொழியைப் பதிவில் கொடுத்ததும் அவன்தான் என்று நினைக்கிறேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நெர்மினை இரத்தம் எடுக்க உள்ளே கூப்பிட்டார்கள். எம்ரே உடனே எனக்குப் பக்கத்துக் கதிரைக்கு வந்துவிட்டான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சவரம் செய்யவில்லை.

“அன்ரி, நீங்கள் ஏன் வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். ப்ளீஸ். எங்கட ஆக்கள் இதைச் சொல்ல மாட்டினம். சொன்னா அண்டைக்கே மனம் விட்டிடுவினம். என்ர அப்பாவுக்கும் நாங்கள் சொல்லேல்லை.”

“எங்கட ஆக்களும் சொல்ல மாட்டினம், தம்பி” என்றேன்.

அவன் ஆங்கிலத்தில் கேட்டதையும் நான் ஆங்கிலத்தில் சொன்னதையும்தான் இப்படி எழுதுகிறேன். எங்களுக்குள் பெரிய ஆங்கிலம் ஒன்றும் தேவைப்படவில்லை. அவன் என் வலது கையை எடுத்து முத்தமிட்டுத் தன் நெற்றியில் வைத்தான். பெரியவர்களுக்கு அவர்கள் செய்கிற மரியாதை அது. ஒரு தாயின் முன்னால் நிற்கிற பிள்ளைபோல இருந்தான்.

“அவ நம்பிக்கையோட இருக்கட்டும், அன்ரி. கொஞ்சக் காலம்தான்.”

நான் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டின பிறகுதான் நினைத்தேன், தாய்க்கும் ஓம் என்று சொல்லியாயிற்று, மகனுக்கும் ஓம் என்று சொல்லியாயிற்று. அப்படியே எழுந்து, பஸ் எடுத்து வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. பொய் சொல்லவில்லை, வெளிக்கதவு எந்தப் பக்கம் என்றும் பார்த்தேன். அதற்குள் நெர்மின் கையில் பஞ்சோடு வந்துவிட்டாள்.

8

டொக்டர் இளம் பெண். மேசைக்குப் பின்னால் இருந்த கதிரையை இழுத்துக்கொண்டு நெர்மினின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். கதிரையை இழுத்துக்கொண்டு வருகிற டொக்டரைக் கண்டால் எனக்குப் பயம்.

“இவர் யார்?” என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

“சிஸ்ரர்” என்றாள் நெர்மின்.

டொக்டர் என் நிறத்தையும் அவளுடைய நிறத்தையும் ஒருமுறை பார்த்தார். மேலே கேள்வி கேட்கவில்லை. நல்ல டொக்டர்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். நெர்மினைப் பார்த்தே பேசினார். பயத்தில் ஒன்றும் விளங்காமல் போகட்டும் என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன். விளங்கியது. கல்லீரல் என்றார், பரவிவிட்டது என்றார். மாற்ற முடியாது என்பதை இரண்டு விதமாகச் சொன்னார். வலி இல்லாமல் வைத்திருப்பது தங்கள் பொறுப்பு என்றார். அதற்குப் பிறகு அந்தச் சொல். அவர் நிறுத்தியதும் எம்ரே தாய்க்குத் துருக்கியில் சொல்லத் தொடங்கினான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. குரல் மட்டும் நன்றாகத் தெரிந்தது. சின்னப் பிள்ளைக்குச் சாப்பாடு தீத்துகிற குரல்.

நெர்மின் அவனைப் பார்க்கவில்லை. டொக்டரையும் பார்க்கவில்லை. தொடக்கத்திலிருந்தே என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் கண்டேன். முகத்தைக் கல்லாக வைத்திருக்கப் பார்த்தேன். கன்னம் தன்பாட்டில் துடித்தது.

“ஜெஸி அப்லா, டொக்டர் என்ன சொன்னவ?”

 எம்ரே என்னைப் பார்த்தான். கண்ணாலேயே கும்பிட்டான்.  சொன்னால் இந்தப் பிள்ளையின் முகத்தில் நான் இனி முழிக்க ஏலாது. சொல்லாவிட்டால் இவள் கோடை வரும் என்று காத்துக்கொண்டிருப்பாள். யேசு மரி சூசை, ஏன் என்னைக் கொண்டுவந்து இந்த இடத்தில் இருத்தினீர்கள் என்று நினைத்தேன். பெரியக்கா சீலையை மடித்தது நினைவுக்கு வந்தது. எவ்வளவு கவனமாக மடித்தா!

“லிவர்” என்றேன். “பேட். வெரி பேட். மெடிசின் நோ ஸ்ரொப். மெடிசின் ஒன்லி நோ பெயின்.”

தமிழில் என்றால் என் வாயால் வந்திருக்காது. தமிழில் அந்தச் சொற்களுக்குள் எங்கள் வீட்டு ஆட்கள் கிடக்கிறார்கள். ஆங்கிலத்தில் அவற்றுக்குள் அதுவரைக்கும் ஒருவரும் இருக்கவில்லை. இனி நெர்மின் இருப்பாள்.

எம்ரே எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். அவன் தோள்கள் குலுங்கின.  நெர்மின் அழவில்லை. என் கைகள் இரண்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்திருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். எவரையும் துணைக்குக் கூப்பிடாமல் டொக்டரிடம் தானே கேட்டாள்.

“ஐ துருக்கி கோ. மை சிஸ்ரர் சீ. சமர், ஓக்கே?”

கோடையில் போகலாமா என்று.

 டொக்டர் சுவர்ப் பக்கம் நின்ற மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நெர்மினின் பக்கம் குனிந்து, “நோ சமர்” என்றார். கோடை வரைக்கும் காத்து நிற்க வேண்டாம். “கோ சூன்.”

இப்பவே, கெதியாகப் போங்கள் என்று.

எம்ரே திரும்பினான். முகமெல்லாம் நனைந்திருந்தது. தாயின் காலடியில் முழந்தாளிட்டு, அதைத் துருக்கியில் சொல்லப்போனான். எப்படியாவது கொஞ்சம் மெதுமையாக்கித்தான் சொல்லியிருப்பான். நெர்மின் அவன் வாயில் உள்ளங்கையை வைத்தாள்.

“வேண்டாம்” என்றாள், ஆங்கிலத்திலேயே. “சூன் எண்ட சொல் எனக்குத் தெரியும்.”